பிடோக் பட்டறையில் பால்மரம்

சிராங்கூன் சாலை

ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் வாசலில், மாலை தொடுக்கும் கடைகளுக்கும் நகைக்கடைக் கண்ணாடிகளுக்கும் இடையே ஓடும் சிராங்கூன் சாலையைச் சற்று நேரம் நின்று நோக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் ஒருவனை முதலில் வியப்பில் ஆழ்த்துவது அங்கே காதில் விழும் தமிழுமன்று, காற்றில் மிதக்கும் மல்லிகை மணமும் சாம்பிராணிப் புகையுமன்று. அணியணியாகச் செல்லும் கார்களில் வயது முதிர்ந்தது ஒன்றைக்கூடக் காண்பது அரிதாக இருக்கிறது என்பதே. நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் செல்லும் பாதையில் இருபது வருஷம் உழைத்த ஜீப்புகளும், தகப்பனார் வாங்கிப் புத்திரன் ஓட்டும் கார்களும் சர்வ சாதாரணம். ரப்பர் ஷீட்டும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு அவை மேடுபள்ளங்களில் குலுங்கிச் செல்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சிங்கப்பூரிலோ ஒரு வாகனத்தின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் யந்திரபலம் அன்று, அரசாங்கம் அளிக்கும் ஒரு சான்றிதழ்.

1990-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையில் இருந்துவரும் ஏற்பாட்டின்படி, இத்தீவில் கார் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெறவேண்டும்; அது பத்து ஆண்டுகளுக்கே செல்லும். பத்தாண்டு முடிந்ததும் காரைக் கைவிட்டுவிடலாம், அல்லது அன்றைய சராசரி விலையைச் செலுத்தி மேலும் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் ஒன்றரை லட்சம் வெள்ளியை எட்டியது என்றால், அந்தக் காகிதத்தின் கனம் நம்மவர்க்கும் ஒருவாறு விளங்கும். ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறுபது லட்சம் ஜனங்கள் வாழும் ஊரில், சாலை நெரிசலில் அடைபடாமல் இருக்க இத்தகைய கட்டுப்பாடு அவசியந்தான் என்று அங்குள்ளோர் சொல்லும் நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், இன்னும் ஓடக்கூடிய தேகத்தோடு எத்தனையோ வாகனங்கள் பத்தாவது வயதில் உடைக்கப்படுவதையும் கப்பலேறிப் போவதையும் எண்ணுகையில் மனம் சற்றே கனக்கத்தான் செய்தது.

இந்தச் சாலையே ஒரு காலத்தில் கால்நடைகளின் ராஜ்யமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வியாபாரமும் செழித்திருந்ததற்குச் சாட்சியாக இன்றும் தேக்கா சந்தையை ஒட்டி எருமைச் சாலை இருக்கிறது. நம் தாத்தாமார் காலத்து மாட்டுவண்டிக்குச் சக்கரத்தின் குடத்தில் மை இட்டால் போதும். மரமும் இரும்பும் உராய்வதை அந்த மை தணித்தது, மற்ற அதிர்ச்சியையெல்லாம் வண்டிக்காரனின் முதுகெலும்பு ஏற்றுக்கொண்டது. அந்த அதிர்ச்சியை இன்று நம் பொருட்டு யார் ஏற்கிறார்கள் என்னும் கேள்விக்கு விடை தேடும் எண்ணம் எதுவும் எனக்கு அப்போது இல்லை. வாழையிலையில் பரிமாறிய சோற்றையும் மீன் குழம்பையும் ரசத்தையும் உண்டுவிட்டு வெளியே வந்தபோது, என் சகோதரியின் மகன் தன் எஸ்.யூ.வி. காரின் கதவைத் திறந்து, “ஏறுங்க மாமா, வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க” என்று அழைத்தான். விடை அந்த வாகனத்தின் அடிவயிற்றில் இருந்தது.

பிடோக் வடக்கு

நகரத்தின் உயர்ந்த மாளிகைகளை விட்டுக் கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல, விரைவுச்சாலையின் இருமருங்கிலும் கிளைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் நிழற்பந்தல் அமைக்கின்றன. அந்தப் பந்தலின் முடிவில், இலக்கமிட்ட அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் பிடோக் நம்மை எதிர்கொள்கிறது. சுற்றுலாப் பிரயாணிகள் அதிகமாக நாடாத ஊர் அது. மாலையில் வேலையிலிருந்து திரும்புவோரும், புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் சீன முதியோரும், பள்ளிச் சீருடை மாற்றாத பிள்ளைகளும், சந்தைப்பையுடன் நடக்கும் மலாய் மாதரும், வேட்டி கட்டிய தமிழ்ப் பெரியவர் ஒருவரும் ஒரே மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் அந்தக் காட்சியில், சிங்கப்பூரின் அன்றாட ஜீவிதம் எவ்வித அலங்காரமும் இன்றித் தென்படுகிறது.

விரைவுச்சாலையில் கண்ணாடிமேல் வழுக்குவதைப் போலச் சென்ற கார், புளோக்கின் உட்பாதையில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, முன்பக்க இடது சக்கரத்தின் அருகிலிருந்து ‘டொக்’ என்ற கனமான ஓர் ஓசை எழுந்தது. பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் வளைந்து வளைந்து ஏறுகையில் அதே இடம் முனகியது. பிரேக் மிதித்தபோது வாகனத்தின் முகம் ஒரு பக்கமாக இலேசாக ஒதுங்கியது. மருமகனுக்கு இது புதிய செய்தியன்று. “லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு மாமா. பத்து வருஷக் கார். சான்றிதழைப் புதுப்பிச்சுட்டேன், அதனால எல்லாத்தையும் சரியா செஞ்சுடணும்” என்றான். அவன் பிள்ளைகள் பிறந்த மருத்துவமனையிலிருந்து அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்த கார் அது. கணக்குப் பார்த்துப் புதுப்பித்ததாக அவன் சொன்னாலும், அந்தக் கணக்கில் அன்பும் ஓர் எண்ணாகச் சேர்ந்திருந்தது என்பதை நான் உணர்ந்தேன்.

இரவு உணவுக்கு அருகிலிருந்த உணவங்காடி நிலையத்துக்குச் சென்றோம். ஒரு மேஜையில் மீ ரெபுஸும், இன்னொருவர் தட்டில் பன்றி இறைச்சி நூடுல்ஸும், எங்கள் முன் பரோட்டாவும் மீன் கறியும், எல்லோர் கையிலும் தே தாரிக்கோ கோப்பியோ கரும்புச்சாறோ இருக்க, எவரும் எவரையும் வினோதமாக நோக்காமல் அவரவர் பசியாறும் அந்தச் சமரசம் எனக்கு மிகவும் உவப்பாக இருந்தது. எங்களுடன் வந்திருந்த மருமகனின் மாமியார், ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, விவாகமாகி இத்தீவுக்கு வந்தவர். எண்பதை நெருங்கும் வயதிலும் நிமிர்ந்தே நடப்பவர். எங்கள் ஊரிலும் ரப்பர் உண்டு என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “அப்ப உங்களுக்குத் தெரியும் தம்பி. விடியக்காலம் விளக்கு கட்டிக்கிட்டுப் போவோம். வெயில் ஏறிட்டா பால் நின்னுடும். மரத்தைச் சீவுறப்ப கத்தி கட்டையைத் தொட்டுடக் கூடாது, தொட்டா மரத்துக்குப் புண்ணு” என்று அவர் சொல்லிக்கொண்டே, மேஜைமேல் சுட்டுவிரலால் ஒரு சாய்கோடு வரைந்து காட்டினார். அந்த விரலின் சாய்வை நான் குலசேகரத்துத் தோப்புகளில் நூற்றுக்கணக்கான மரப்பட்டைகளில் கண்டிருக்கிறேன்.

காக்கி புக்கிட்

பிடோக்கின் வடபகுதியில், நீர்த்தேக்கத்தை அடுத்திருக்கும் காக்கி புக்கிட் வட்டாரத்தில் மோட்டார்ப் பட்டறைகள் மாடிமேல் மாடியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் பட்டறை என்றால் வேப்பமரத்தடியும், எண்ணெய் ஊறிய மண்தரையும், கழற்றிப்போட்ட சக்கரங்களுமே கண்முன் வரும். இங்கோ கார்கள் சரிவுப் பாதையில் ஏறி மூன்றாம் நான்காம் மாடிகளில் உள்ள தத்தம் வைத்தியரைச் சென்று காண்கின்றன. இடத்தின் அருமை பட்டறையையும் ஆகாயத்தை நோக்கி ஏற்றியிருக்கிறது. ஆயினும் உள்ளே நுழைந்ததும் நாசியில் ஏறிய கிரீஸ், பெட்ரோல், சுட்ட இரும்பு ஆகியவற்றின் கலவை மணம் நம்மூர் மணமேதான்.

நாங்கள் சென்ற பட்டறையின் முதலாளி சீனர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். தலைமைத் தொழிலாளி மலாய்க்காரர். அவரிடம் வேலை பயின்று இன்று தனித்தே செய்யும் இளைஞன் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். லிஃப்டில் கார் மேலே எழுந்ததும், அவன் நீண்ட லீவர் ஒன்றைச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே செலுத்தி மெல்ல நெம்பினான். அசையக்கூடாத அளவுக்குக் கரம் அசைந்தது. டார்ச் விளக்கைப் பிடித்து, “பாருங்க ஐயா” என்றான். பின்பக்கத்துப் பெரிய புஷ்ஷின் ரப்பர் இரும்பு வளையத்தை விட்டுப் பாதிச் சுற்றளவு பிரிந்திருந்தது. மீதிப் பகுதியில், வறண்ட குளத்து வண்டலில் போலச் சிறு சிறு வெடிப்புகள் ஓடின.

அந்தப் பொருளை அறியாத வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லவேண்டும். உள்ளே ஓர் எஃகுக் குழல், வெளியே ஓர் எஃகு வளையம், இரண்டுக்கும் இடையே இரண்டோடும் பிரிக்கமுடியாமல் பிணைத்து வார்க்கப்பட்ட ரப்பர், இவ்வளவுதான் புஷ். வெளிவளையம் சக்கரக் கரத்தினுள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது. உட்குழலை ஒரு போல்ட் காரின் சட்டத்தோடு அசையாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சக்கரம் மேடு ஏறும்போதும் பள்ளம் இறங்கும்போதும் கரம் மேலும் கீழும் ஆடவேண்டும். அந்த ஆட்டத்தில் இரும்பு இரும்போடு உரசுவதில்லை, இடையிலுள்ள ரப்பரே முறுக்கிக்கொண்டு மீண்டும் தன்னிலைக்குத் திரும்புகிறது. பழைய காலத்து வாகனங்களில் இந்த இடத்தில் வெண்கல புஷ்ஷும் எஃகுப் பின்னும் இருந்தன; அவற்றுக்கு இடைவிடாது கிரீஸ் ஊட்டவேண்டும், ஊட்டாவிடில் கிறீச்சிடும், தேயும். ரப்பர் வந்தபின் அந்தப் பராமரிப்பும் சப்தமும் ஒருங்கே ஒழிந்தன. சாலையின் சிறு நடுக்கங்களை வழியிலேயே விழுங்கிவிட்டு, வண்டியில் இருப்போர்க்கு அமைதியை மட்டும் அனுப்பும் காரியத்தை இது செய்துவருகிறது.

வள்ளுவர் பெருந்தேருக்கு அச்சாணியைச் சொல்லி, உருவத்தின் சிறுமையைக் கண்டு எள்ளலாகாது என்று உபதேசித்தார். அச்சாணியும் புஷ்ஷும் சிறியவை, கண்ணுக்கு மறைந்தவை; அவை இல்லாவிடில் தேர் ஓடாது. ஆனால் அச்சாணியின் தர்மம் வளையாமை; இதன் தர்மமோ வளைந்து கொடுத்தல். வளையாதது ஒருநாள் முறியும் வரையில் அப்படியே இருக்கும். வளைந்து கொடுப்பது ஒவ்வொரு வளைவிலும் தன்னில் சிறிது இழந்துகொண்டே இருக்கும். ஆகையால் அச்சாணியை ஒருமுறை செருகிவிட்டு மறந்துவிடலாம். வளைந்து கொடுப்பதை மறந்துவிடுவது நன்றிகெட்டதனம் ஆகும்.

சாலைகள் இவ்வளவு வழவழப்பாக உள்ள ஊரில் இது ஏன் தேயவேண்டும் என்று கேட்டேன். மலாய்க்காரர் மருமகனிடம் சொன்ன காரணங்களை அவன் எனக்கு விளக்கினான். ரப்பருக்கு முதற்பகை பள்ளம் அன்று, காலமும் வெப்பமுமே. காற்றிலுள்ள ஓசோன், இழுவிசையில் நிற்கும் ரப்பரின் மேற்பரப்பைச் சிறுகச் சிறுக வெடிக்கச் செய்கிறது; யந்திரத்தின் சூடு அதைக் கடினமாக்குகிறது; நிறுத்துமிடத்துச் சரிவுகளில் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பித் திருப்பி ஏறுவதும், வேகத்தடைகளும் அதை ஓயாமல் முறுக்குகின்றன. எஸ்.யூ.வி.யோ உயர்ந்தும் கனத்தும் நிற்பது; பிரேக் மிதிக்கும்தோறும் அந்தக் கனம் முன்னோக்கிச் சாய்கையில், கரத்தின் பின்பக்க புஷ் அதை ஏற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, அழகுக்காக அமைந்த பெரிய சக்கரங்களில் டயரின் பக்கச்சுவர் குறுகியிருப்பதால், டயர் விழுங்கவேண்டிய அதிர்ச்சியிலும் ஒரு பங்கு ரப்பர் புஷ்ஷின் தலையில் விழுகிறது. இந்தக் காரின் டயர் ஒன்று உட்புற விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்ததை இளைஞன் விரலால் தடவிக் காட்டினான். புஷ் தளர்ந்ததால் சக்கரம் தன் கோணத்தில் நில்லாமல் போனதற்கு அதுவே அத்தாட்சி.

கழற்றிய கரத்தை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றுமுன், பழைய புஷ்ஷின் ரப்பரில் இருந்த இரண்டு வெற்றிடங்கள் எந்தத் திசையை நோக்கியிருந்தன என்பதைக் கரத்தின்மேல் வெள்ளைக் கோட்டால் குறித்துக்கொண்டான். அந்த வெற்றிடங்கள் அமைந்த திசையில் ரப்பர் மிருதுவாகவும், குறுக்குத் திசையில் உறுதியாகவும் இருக்கும். திசை மாறிப் பொருத்தினால் சுகமும் போகும், ஸ்திரமும் போகும். பிரஸ்ஸின் அழுத்தத்தில் பழையது முனகிக்கொண்டு வெளியேறியது. சுத்தம் செய்த துவாரத்தில் புதியது நேராக இறங்கியது. ஒரு பக்கம் மட்டுமே ஓசையிட்டாலும் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றினார்கள். புதியதும் பழையதும் எதிரெதிரே நின்றால் வண்டி நேராகச் செல்லாமல் போகலாம். பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளில் செய்த புஷ் நெடுநாள் உழைக்குமே என்று மருமகன் விசாரித்தபோது, அது உழைக்கும், ஆனால் கடினமானது, சாலையின் நடுக்கத்தை உள்ளே அனுப்பிவிடும், குடும்பத்தோடு செல்பவருக்கு ரப்பரே உத்தமம் என்பது அவர்கள் அபிப்பிராயம்.

அதன்பின் நடந்ததுதான் இப்பிரயாணத்தில் என் மனத்தில் ஆழப் பதிந்தது. போல்ட்களை எல்லாம் கையால் முடுக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு இளைஞன் நிறுத்திக்கொண்டான். வேலை முடிந்ததாகவே எனக்குத் தோன்றியது. “இன்னும் முறுக்கலையா தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லைங்க ஐயா. சக்கரம் தொங்குறப்ப முறுக்கிட்டா, வண்டி கீழ எறங்குனதும் ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே நிக்கும். சும்மா நிக்கிறப்பவே அதுக்கு வேதனை. சீக்கிரம் கிழிஞ்சிடும். பாரம் ஏறுன நிலையிலதான் இறுக்கணும்.”

காரைச் சக்கரங்களின்மேல் நிற்கும்படி இறக்கி, அதன் முழு எடையும் சக்கரங்களின்மேல் அமர்ந்த பிறகு, கீழே புகுந்து டார்க் ரெஞ்சினால் ஒவ்வொரு போல்ட்டையும் குறித்த அளவுக்கு இறுக்கினான். எந்த நிலையில் ரப்பர் தன் ஆயுளைக் கழிக்கவேண்டுமோ அந்த நிலையே அதற்கு இயல்பான நிலையாக அமையவேண்டும் என்னும் தத்துவத்தை, மேடையேறிப் பேசுவோர் எவரும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை. ஊரில் இதை யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். ஊரில் அப்படியே தொங்கவிட்டு இறுக்கித்தான் பழக்கம் என்றும், இங்கே வந்தபின் மலாய் அண்ணன் காரணம் சொல்லிக் கற்பித்தார் என்றும் கூறினான். கீழே கடையில் கோப்பி ஓ குடிக்கையில், அவன் தன் தங்கையின் கல்யாணத்துக்குச் சேர்த்துவரும் பணத்தைப் பற்றியும், விடுதி அறையில் முறைவைத்துச் சமைப்பதைப் பற்றியும் சொன்னான். பிறர் சௌகரியமாகச் செல்வதற்காக வாகனங்களின் அடியில் மல்லாந்து கிடக்கும் அவனுக்குள் கசப்பு எதுவும் இல்லை. தொழிலின் பெருமிதம் இருந்தது.

தாவரவியல் பூங்கா

அந்த ரப்பரின் பூர்வோத்தரத்தைத் தேடிச் செல்வோர்க்கு இத்தீவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1859-இல் நிறுவப்பெற்று, 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு காலையில் நாங்கள் சென்றபோது, மருமகனின் மாமியாரும் உடன் வந்தார். பூங்காவில் மற்றவர்கள் ஆர்க்கிட் மலர்களைத் தேடிச் செல்ல, அவர் முதலில் கேட்டது, “பால்மரம் எங்க இருக்கு?” என்பதே.

ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் 1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசேர்த்த ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவை சிலவே. அவற்றின் வழியாக 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 நாற்றுகள். 1888-இல் இப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை வெட்டிச் சாய்க்காமலும் கொல்லாமலும், பட்டையில் சாய்வாக ஒரு கீறலிட்டு, அதே கீறலின் விளிம்பை மெல்லியதாகச் சீவிச் சீவி நெடுங்காலம் பால் எடுக்கும் முறையைப் பரிசோதித்து நிலைநாட்டினார். காபித் தோட்டக்காரர்களின் சட்டைப்பைகளில் ரப்பர் விதைகளைத் திணித்து, பயிரிடுங்கள் என்று மன்றாடிய அவரைப் பலர் பித்தர் என்றார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் முதல் தோட்டத்தை எழுப்பினார். மோட்டார் யுகம் பிறந்தது. 1920-களில் உலகின் ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. ரிட்லி நூறு வயது வாழ்ந்து தம் வாக்கு பலித்ததைக் கண்டே 1956-இல் மறைந்தார்.

இந்த வரலாற்றைப் பூங்காக்கள் சொல்கின்றன. ஆனால் லட்சக்கணக்கான மரங்களில் அந்தச் சாய்கீறலை நாள்தோறும் இட்ட கைகள் பெரும்பாலும் நம் தமிழ்க் கைகள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, 1910 வரையில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரையில் கங்காணிகள் மூலமாகவும் சென்றவர்கள் அவர்கள். லயத்து வீடுகளில் வாழ்ந்து, அட்டைக்கடியும் மலைக்காய்ச்சலும் தாங்கி, காட்டைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். எத்தனையோ குடும்பங்கள் ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் சோற்று மூட்டையோடு கடலைக் கடந்தன. மருமகனின் மாமியாருடைய தகப்பனாரும் அவ்வாறு வந்தவரே.

ஒரு ரப்பர் மரத்தின் அருகே சென்று, அந்த அம்மையார் பட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார். நான் அவரிடம் பட்டறையில் கண்டதைச் சொன்னேன்: இவ்வளவு செயற்கை ரப்பர்கள் வந்தபிறகும், அதிர்ச்சி தாங்கும் இத்தகைய உறுப்புகளில் பெரும்பாலும் மரத்திலிருந்து வரும் ரப்பரையே இன்றும் தேர்ந்தெடுக்கிறார்கள், இழுக்கப்படுகையில் அதன் நுண்ணிழைகள் ஓர் ஒழுங்கில் அடுக்கி நின்று கீறல் பரவாமல் தடுப்பதால், மீண்டும் மீண்டும் முறுக்குண்டும் அது மீள்கிறது, 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகத்தோடு சூடேற்றியும், கரிப்பொடி கலந்தும் அதற்கு வலுவூட்டுகிறார்கள் என்று விவரித்தேன். அவர் சிறிது யோசித்து, “நாங்க சீவுன பாலு எங்க போச்சுன்னு ஒருத்தரும் எங்களுக்குச் சொன்னதில்லை தம்பி. டயருக்குப் போகும்னு மட்டும் தெரியும். இப்படி வண்டிக்குள்ள உக்காந்து பாரம் தாங்குதுன்னு இப்பத்தான் கேக்குறேன்” என்றார். ஒரு ஜன்மத்தின் உழைப்பு எங்கே சென்று பயன்பட்டது என்பதை உழைத்தவர்க்கே எடுத்துச் சொல்லாமல் இருந்தது, அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட கூலிகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் மாவட்டத்திலும் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர், 1984-இல் அமைந்த அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்துவருகின்றனர். சிரட்டையில் சொட்டும் பாலும், புகையறையில் பழுப்பேறும் ஷீட்டும் எங்களுக்கு நித்திய தரிசனம். அதன் முடிவுநிலையை நான் கண்டது காக்கி புக்கிட்டின் மாடிப் பட்டறையில்.

கிழக்குக் கடற்கரை

சக்கரக் கோணங்களைச் சரிபார்த்து வாங்கிய கார் அன்று மாலை எங்களைக் கிழக்குக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. வேகத்தடையில் ஓசை இல்லை. பிரேக் மிதித்தால் முகம் ஒதுங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த மருமகனின் தோள்கள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் கவனித்தேன்.

கடலோரப் பூங்காவின் தரையே மனிதன் படைத்த தரை. 1966-இல் தொடங்கிப் பல கட்டங்களாகக் கடலைத் தூர்த்தபோது, பிடோக், சிக்லாப் வட்டாரத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை ஓடும் பட்டைகளின்மேல் ஏற்றிக் கடலுக்கு அனுப்பினார்கள். மணல் தோண்டிய பள்ளமே பின்னர், 1986-இல், பிடோக் நீர்த்தேக்கமாயிற்று. குன்று கடற்கரையாகவும், பள்ளம் குடிநீராகவும் மாறிய இவ்வூரில், ஒரு பொருளும் தன் பூர்வநிலையில் இல்லை. ஒவ்வொன்றும் எங்கோ கொண்டுசெல்லப்பட்டு எதையோ தாங்கி நிற்கிறது. படகுத்துறையில் தூண்டிலிட்டு நின்றவர்களில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் இருந்தனர். சாத்தே சுடும் கரியின் புகை காற்றில் வந்தது. பிள்ளைகள் நிலக்கடலைச் சாந்தில் தோய்த்துத் தின்றார்கள். அம்மையார் கரையோர ஆசனத்தில் அமர்ந்து, தோட்டத்துப் பாட்டு ஒன்றைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றுகொண்டிருந்தார்.

அப்போது நான் ஊரைப் பற்றி எண்ணினேன். பழையதைப் பேணுவதில் நம்மவர் எவர்க்கும் பின்னடைந்தவர் அல்லர். பத்தாண்டில் கைவிடப்படும் காரை இருபதாண்டு ஓட்டும் சாமர்த்தியம் நம் பட்டறைகளில் இருக்கிறது. ஆனால் அந்தச் சாமர்த்தியத்தோடு காரணம் அறிந்த சிரத்தையும் சேரவேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் டீசலையும் கழிவெண்ணெயையும் பீய்ச்சும் வழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. இரும்புக்கு மருந்தாகும் அது ரப்பருக்கு விஷம். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப் பருத்து, பிசுபிசுத்து, பிடிப்பை இழக்கும். கிறீச்சிடும் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவுவதும் அத்தகையதே. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்குவதோ, புதிய உறுப்பைப் பொருத்திய அன்றே அதன் ஆயுளைக் குறைப்பது. இவற்றுள் எதையும் மாற்றுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. காரணத்தை எடுத்துச் சொல்லும் பொறுமை வேண்டும், அவ்வளவே. ஒரு மலாய்த் தொழிலாளி ஒரு புதுக்கோட்டை இளைஞனுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை, நம் தொழிற்பயிற்சி நிலையங்களும் மூத்த மெக்கானிக்குகளும் தம்மிடம் வரும் பையன்களுக்குக் காட்டலாம்.

உலகத்தின் சுகம் அனைத்தும் எங்கோ ஒன்று வளைந்து கொடுப்பதால் உண்டாவது. அது மரத்தின் பாலாக இருக்கலாம், விடியற்காலத்தில் நெற்றிவிளக்கோடு சென்ற ஒரு சிறுமியின் முதுகாக இருக்கலாம், நான்காம் மாடியில் காரின் அடியில் கிடக்கும் ஒரு தமையனின் கைகளாக இருக்கலாம். அவை ஓசையிடும் வரையில் காத்திராமல், ஓசையின்றித் தாங்கும் காலத்திலேயே குனிந்து பார்ப்பதுதான் அவற்றுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை. ரப்பர் விளையும் மாவட்டத்தில் பிறந்தவர்களாகிய எங்களுக்கு அந்தக் கடமை மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்; ஊர் திரும்பியதும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதை எடுத்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன், பால் வெட்டும் தோழர்களிடம் அவர்கள் பால் எங்கெல்லாம் சென்று பாரம் தாங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவருகிறேன்.